வளவுக்குள் இரண்டு கேமரா

வீட்டுக்கு வைஃபை கொண்டுவருகிறவனை எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி உபசரிப்பார்கள். அது நின்றுபோன அன்றைக்கு அதே மாப்பிள்ளையின் ஏழு தலைமுறையையும் விசாரிப்பார்கள்.

சிங்கப்பூரில் பாதி ஆயுளைக் கம்ப்யூட்டர்களோடு கழித்துவிட்டு, ஐம்பதைத் தொடுவதற்குள் காரைக்குடிக்குத் திரும்பி வந்தவன் நான். புதிதாக எந்தக் கருவி வந்தாலும், பெட்டியைப் பிரிக்கும்போது வருகிற அந்த அட்டை வாசனைக்காகவே வாங்குகிற ஆள். வாங்கிக்கொண்டே இருந்தால் வீட்டில் திட்டு விழும் என்பதால், அடுத்தவர் வீட்டில் மாட்டிக்கொடுப்பதைத் தொழிலாக்கிக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் டிவி ரிமோட் மக்கர் பண்ணினால் எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்றால், நீங்களும் நம்ம கட்சிதான். உட்கார்ந்து படியுங்கள்.

இதில் வருவதெல்லாம் சாக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில், ஒரு கல்யாணத்துக்காக நான் செய்த வேலை. வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. அண்ணன் சொக்கலிங்கம் கோயம்புத்தூரில் இருக்கிறார், தம்பி லெட்சுமணன் பினாங்கில். முகப்புக்கு என்ன சாயம் அடிப்பது என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, அண்ணன் தன் பாதிக்கு மட்டும் மஞ்சள் அடித்தார். தம்பி தன் பாதியை அப்படியே விட்டார். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது அண்ணன் மகள் வள்ளிக்கு அந்த வீட்டில் தை மாதம் கல்யாணம். சித்தப்பா வருவாரா, மாட்டாரா?

பெண்ணின் அம்மா உமையாள் ஆச்சி இரண்டு மாதம் முன்னாலேயே வந்து வீட்டைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டார். நான் போன முதல் நாளே என்னிடம் சொன்னார்: “என் கொழுந்தன் வந்து நிக்காம இந்த வீட்டுல எம் பொண்ணு கழுத்துல ஒண்ணும் ஏறாது தம்பி. நீங்க வயரைப் பாருங்க. நான் அதைப் பாக்குறேன்.”

விளக்கு வைக்கிற நேரம்

இந்த வீடுகளின் சுவரை நீங்கள் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கை வலிக்கும். வைஃபைக்கும் அப்படித்தான். முகப்பில் வைத்த ரவுட்டரின் சிக்னல் முற்றத்தைச் சுற்றிய வளவு வரைக்கும் ஏதோ வந்தது. அடுப்படிக்குப் போவதற்குள் உயிரை விட்டது. ஆனால் வாசல்களெல்லாம் நூல் பிடித்த மாதிரி ஒரே நேரில் இருந்தன. கதவுகளைத் திறந்து வைத்தேன். முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் சிக்னல் ஊர்வலம் மாதிரி போனது. இதற்குப் போய் இன்னும் நாலு ரவுட்டர் விற்பதா என்று மனசாட்சி உறுத்த, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. அடுப்படியில் சமையல் வீடியோ பாதியில் நின்றுவிட்டதாம். ஓடிப்போய்ப் பார்த்தால், விளக்கு வைக்கிற நேரம் என்று ஆச்சி பின்பக்கக் கதவுகளை வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார். அந்தக் கதவைத் திறந்தால் போதும் ஆச்சி என்றேன். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “லெட்சுமி முன்வாசல் வழியா வரணும்னா பின்வாசலைச் சாத்தணும் தம்பி. உங்க வைஃபை வேணும்னா ஒரு அரை மணி கழிச்சு வரட்டும்.”

ஆளுக்கொரு கண்

கல்யாண வேலை எப்படி நடக்கிறதென்று கோயம்புத்தூரிலிருந்தே பார்க்க, வளவுக்குள் ஒரு கேமரா வேண்டும் என்றார் அண்ணன். கிழக்குத் தூணில் மாட்டினேன். பேசவும் கேட்கவும் வசதி உள்ளது. பார்க்கிறவர் போனில் திறந்தால் இங்கே ஒரு பச்சை விளக்கு எரியும். எப்படியோ சேதி பினாங்குக்குப் போய்விட்டது. மறுநாள் அங்கிருந்து அழைப்பு. பாதி வீடு அவருடையதாம், அவருக்கும் ஒரு கேமரா வேண்டுமாம். ஒரே கேமராவை இரண்டு போனில் பார்க்கலாம் சார் என்று நான் விளக்கினேன். “அவுக கண்ணு வழியா நான் பாக்கணுமா?” என்றார்.

மேற்குத் தூணில் இன்னொன்றை மாட்டினேன். சோதித்துப் பார்க்கும்போதுதான் கவனித்தேன்: இரண்டு தூணும் நேர் எதிர். அண்ணன் படத்தின் நட்ட நடுவில் தம்பி கேமரா, தம்பி படத்தின் நட்ட நடுவில் அண்ணன் கேமரா. கொஞ்சம் திருப்பி வைக்கலாமா என்று, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியிடம் கேட்டேன். பக்கத்து ஊர் கல்லல்காரர்; ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். “வேணாம் சார், இருக்கட்டும். மூணு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் மூஞ்சிக்கு மூஞ்சி பாக்குறாக.”

ஓடுமா, ஓடாதா

பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை ஊர் பார்க்கப் பரப்பி வைப்பது இங்கே வழக்கம். பித்தளை, வெள்ளி, எவர்சில்வர் எல்லாம் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் பெண் பிறந்த நாளிலிருந்தே அம்மாக்கள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். உமையாள் ஆச்சியும் அப்படித்தான், ஆனால் அவருக்குப் பாத்திரத்தோடு நிற்கிற மனசில்லை. காலத்துக்கேற்ற மாதிரி கொடுக்க வேண்டும் என்று, அந்தந்தக் காலத்தில் எது புதுசோ அதையும் ஒன்று வாங்கி அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

அறையைத் திறந்து காட்டியதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரிக்காத பெட்டியில் டேப்பும் சிடியும் பாடுகிற டூ-இன்-ஒன். டிவிடி பிளேயர். வயரில்லாத வீட்டுப் போன். போட்டோக்கள் தானாக மாறுகிற சட்டம். காரில் ஒட்டிவைத்தால் வழி சொல்கிற கருவி. உள்ளங்கை அளவு பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அதை வாங்க ஆசைப்பட்டு சிங்கப்பூர்க் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். இங்கே பாக்கு மட்டைத் தட்டுகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் இருந்தது. நான் மோகித்த கருவிகளெல்லாம் பெண்ணுக்குச் சீராகக் காத்திருந்த மாதிரி தோன்றியது.

ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பேட்டரிகள் உப்பிப்போயிருந்தன. டிவிடி பிளேயரின் வயரைச் சொருக இப்போதைய டிவியில் துளையே இல்லை. வள்ளி பெங்களூரில் ஐடி வேலை பார்க்கிற பெண். இதைக் கொண்டுபோய் என்ன செய்யும்? தயங்கித் தயங்கி, பாதிக்கு மேல் ஓடாது ஆச்சி, என்றேன். ஆச்சி அந்தப் பெட்டிகளின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். “ஓடணும்னு யாரு தம்பி சொன்னா? பரப்பணும்.”

பாண்டி, சொல்லு

வளவில் ஒரு கேமராவிலிருந்து வருகிற குரல் எதிர்க் கேமராவின் காதில் நன்றாக விழும். ஆகவே அண்ணன் தம்பியில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். ஆனால் பேச்சுவார்த்தைதான் இல்லையே. அதனால் எல்லாம் பாண்டி வழியாக நடந்தது.

ஒரு காலைப் பொழுது நான் வளவை அடுத்த இரண்டாம் கட்டில் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். மணமேடையை எங்கே போடுவது என்று விவாதம். அண்ணன் ஆரம்பித்தார்: “பாண்டி, கிழக்குத் தூண் ஓரமாப் போடச் சொல்லிட்டேன்னு அவன்ட்டச் சொல்லு.” பாண்டி மேற்குத் தூணைப் பார்த்துத் திரும்பி, வாயைத் திறப்பதற்குள் மேற்குத் தூண் பேசியது. “பாண்டி, அங்குட்டுப் போட்டா பத்து மணி வெயில் மாப்பிள்ளை கண்ணுல அடிக்கும்னு சொல்லு. என் கல்யாணத்துல அடிச்சுச்சுல்ல.” பாண்டி கிழக்கே திரும்பினார். கொஞ்ச நேரம் இப்படியே சுழன்றவர், தோளில் கிடந்த துண்டை உதறிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வளவு காலி. இரண்டு பேர் போனிலும் அது நன்றாகத் தெரியும். இருந்தும் கிழக்குத் தூண் விடவில்லை. “பாண்டி, அவன் கல்யாணத்தன்னைக்கு அவனுக்குக் கண்ணு கூசுனது வெயிலாலதானான்னு கேளு.” மேற்குத் தூணிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு. அதைக் கேட்டு இந்தப் பக்கத் தூணும் கனைத்தது. ஓசைப்படாமல் வந்து என் பக்கத்தில் நின்ற ஆச்சி, நான் கையில் வைத்திருந்த டிரில்லிங் மிஷினை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். காதோடு சொன்னார்: “பாண்டியை இன்னொரு டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க.”

ஏஐ எழுதிய அழைப்பு

அந்தச் சிரிப்போடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்தால், நீங்களும் என்னை மாதிரித்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மாதிரி இரண்டு பச்சை விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. அப்புறம் பல நாள் மேற்கு விளக்கு எரியவே இல்லை. அப்புறம் எப்போதாவது எரிந்தாலும் பேச்சில்லை. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. “கொழுந்தனுக்கு எழுதுறாப்ல நல்லதா நாலு வரி உங்க கம்ப்யூட்டர்ல வருமா?” என்றார் ஆச்சி.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஏஐயிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் தமிழில் எழுதித் தள்ளியது. படித்துக் காட்டினேன். ‘தங்களது மேலான வருகையால் எங்கள் இல்லம் ஒளி பெறட்டும்’ என்ற இடத்தில் ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார். “இதென்ன தம்பி, கரண்ட் ஆபீசுக்கு எழுதுன மாதிரி இருக்கு?”

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது பட்டுச்சேலை கட்டியிருந்தார், கையில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பத்திரிகை வைத்த வெள்ளித் தட்டு. மேற்குத் தூணுக்கு முன்னால் போய் நின்றார். நான் பினாங்குக்குப் போன் அடித்து, கேமராவைக் கொஞ்சம் பாருங்க சார் என்று மட்டும் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்தது. ஆச்சி தட்டைக் கேமராவுக்கு நேராக உயர்த்தினார். “தம்பி, பினாங்குக்கு வந்து தட்டு வச்சுக் கூப்பிடணும். வர முடியலை. என் காலு அங்க வந்ததா நினைச்சுக்கங்க. உங்க அண்ணன் கூப்பிடலைன்னு பாக்காதீக, அவுக உங்களைக் கூப்பிடத் தெரியாமத்தான் என்னைக் கட்டுனாக. வள்ளிக்குக் கல்யாணம். வந்துருங்க.”

தட்டைப் பிடித்த கை இறங்கவில்லை. விளக்கு ரொம்ப நேரம் எரிந்துவிட்டு அணைந்தது. எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னேன்: நெட் கொஞ்சம் ஸ்லோவா இருக்கும் ஆச்சி. தட்டைத் தூணடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நெட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. அவுகதான் ஸ்லோ.”

சி முனை

கல்யாணத்துக்கு முதல் நாள். வீடு முழுக்க உறவு. வர முடியாதவர்களுக்காக நேரலை காட்டும் ஏற்பாட்டில் நான் இருந்தேன். மணமேடை எப்படியோ மேற்குப் பக்கம் வந்திருந்தது. யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. சொக்கலிங்கம் மாப்பிள்ளை வீட்டாரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தபோது போனில் சார்ஜ் தீர்ந்தது. வீட்டில் இருந்த ஒவ்வொரு பிளக்கிலும் ஏதாவது ஒரு விருந்தாளியின் போன் தொங்கியது. நடுவளவில் நின்று, யாரையும் பார்க்காமல் சத்தம் போட்டார். “யார்ட்டயாச்சும் சி முனை சார்ஜர் இருக்கா?”

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து வெள்ளை வயரோடு ஒரு சார்ஜர் நீண்டது. “இந்தாங்க.” முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை, குரல் தெரியும். அத்தனை நாளும் மேற்குத் தூணிலிருந்து வந்த குரல். கையில் பெட்டி, சட்டையில் விமானக் கசங்கல்.

சொக்கலிங்கம் திரும்பினார். தம்பி முகத்தைப் பார்க்கவில்லை, சார்ஜரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மலேசியாவில் மாட்டுகிற தடித்த சதுர முனை. “இது நம்ம ஊரு பிளக்குல ஏறாதே” என்றார். “தெரியும். அதுக்குத்தான் அடாப்டர் கொண்டாந்திருக்கேன்.” “எதையும் நேராச் செய்ய மாட்டியா நீ?” “நீங்க எதையும் தீர்ந்தப்புறந்தானே தேடுவீக.” அண்ணன் அந்த அடாப்டரை வாங்கிச் சார்ஜரில் மாட்டினார். அப்புறம், “காப்பி குடிச்சியா?” என்றார்.

அடுப்படி வாசலில் நின்ற ஆச்சி கண்ணைத் துடைத்த கையோடு பால் சட்டியை இறக்கப் போனார். நேரலையை ஆரம்பிக்கலாமா என்று கேட்கப் போன என்னிடம், அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: “இனிமே சண்டை போட்டாலும் நேராப் போட்டுக்குவாக தம்பி. எனக்கு அது போதும்.”

ரவுட்டர், கேமரா, நேரலை என்று அந்த வீட்டில் ஆணி அடித்து மாட்டியதெல்லாம் நான். நல்ல பேரைத் தட்டிக்கொண்டு போனது, பினாங்கிலிருந்து சட்டைப்பையில் வந்த ஒரு முழ வயர்.