பதினெட்டு அங்குலம்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்றேகால். வெர்னா ஹேஃபர் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். போனில் ஹார்டுவேர் கடைக்காரர் ரஸ்.

"வெர்னா, லோவெல் இங்க நின்னு பேசிக்கிட்டிருந்தான். அப்படியே சரிஞ்சுட்டான். ஆம்புலன்ஸ் சீக்கிரமாத்தான் வந்துச்சு, ஆனா..."

"எதப் பத்திப் பேசிக்கிட்டிருந்தான்?"

ரஸ் தயங்கினார். "துப்பாக்கிக் குழல் நீளம்தான்."

"அப்ப பேச்சு முடிஞ்சிருக்காது" என்றாள் வெர்னா. அடுப்பை அணைத்தாள். விரலில் ஒட்டிய கிழங்கைத் துடைத்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க மறந்துபோய், திரும்ப அவரையே கூப்பிட வேண்டியதாயிற்று.

அவள் புருஷன் லோவெல் முடிவெடுக்கத் தெரியாதவன் இல்லை. பென்சில்வேனியாவின் அந்த மலைப்பக்கத்தில் குளிர்காலமெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். எந்தச் சாலையை முதலில் திறப்பது என்று ஒரு வாய் காப்பிக்குள் சொல்லிவிடுவான். வெர்னாவைப் பார்த்த மறுவாரமே கல்யாணம் கேட்டான். வீட்டை வண்டியை விட்டு இறங்காமலே பார்த்து வாங்கினான். அப்படிப்பட்டவன் ஒரு குழலை எந்த இடத்தில் அறுப்பது என்று மூன்று வருஷம் யோசித்தான்.

ஆரம்பம் வெர்னாவின் மான்தான். நவம்பர் கடைசியில், நன்றி நாள் விருந்து முடிந்த சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் திறக்கும். குளோவர் புல் வயலின் ஓரத்தில், மான் கண்ணில் படாமல் உட்கார, உயரமாகக் கால் நட்டு லோவெல் கட்டிய பலகைப் பெட்டிக்குள் அவள் விடியுமுன் போய் உட்காருவாள். ஐந்தடிகூட இல்லாதவளுக்கு வாய்த்தது மாமனாரின் நீள ரைபிள். நல்ல கொம்புள்ள கலைமான் ஒன்று வயலுக்குள் வந்தது. அவள் குழலைத் திருப்பினாள். அது ஜன்னல் சட்டத்தில் டக்கென்று இடித்தது. மான் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரன் நிலத்துக்குள் போனது. அதன் தலை இப்போது அவன் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

"உனக்குன்னே சின்னதா ஒண்ணு பண்ணித் தர்றேன்" என்றான் லோவெல். பழைய ரைபிள் ஒன்றை வாங்கி, தோளில் வைக்கும் கட்டையை அவள் கைக்கு ஏற்றபடி ஒரே வார இறுதியில் குறைத்துவிட்டான். குழல்தான் பாக்கி. இருபத்திரண்டு அங்குலம் இருந்தது. எவ்வளவு அறுப்பது?

ஓட்டலில் கேட்டான். மாதாகோயில் படியில் கேட்டான். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துவைத்துக்கொண்டே கேட்டான். இரண்டு பருவம் வந்து போயின. வெர்னா நீள ரைபிளையே தூக்கிக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பினாள். மூட்டு வலி ஒவ்வொரு வருஷமும் கூடிக்கொண்டே வந்தது. இன்னும் எத்தனை பருவம் அந்தப் பெட்டியில் ஏற முடியும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு லோவெலின் தம்பி மெர்ல் வந்தால் இதே பேச்சுதான்.

"பதினாறுல அறுத்துத் தள்ளுடா. அதுக்குக் கீழ போனாத்தான் சர்க்காருக்கு எழுதிப் போட்டு அனுமதி வாங்கணும்" என்பான் மெர்ல்.

"பெட்டிக்குள்ள பதினாறுல சுட்டா சத்தத்துல அவ காது போயிடும்டா."

"முப்பது வருஷமா உன் பேச்சத் தாங்குன காது. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"குண்டோட வேகமும் குறையும்ல?"

"வயலு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குக் கல்லெறியிற தூரம். வேகம் குறைஞ்சுதுன்னு மான் வந்து புகார் சொல்லுமா?"

"என்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலாம்" என்றாள் வெர்னா.

தட்டிலிருந்த இறைச்சித் துண்டு எழுந்து பேசினதுபோல இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

இந்த ஆகஸ்டில்தான் கேட்டான். வீட்டுத் துடைப்பக் கம்புகளைப் பதினாறு, பதினெட்டு, இருபது என்று அறுத்து, ஒவ்வொன்றாகக் கட்டையில் டேப் சுற்றிப் பொருத்தி, அவளைப் பெட்டிக்குள் ஏற்றினான். இருபது சட்டத்தில் இடித்தது. பதினாறு இடிக்கவில்லை. ஆனால் அவள் வழக்கம்போலச் சாய்ந்து உட்கார்ந்தால் கம்பின் நுனி பெட்டிக்குள்ளேயே நின்றது. வெடிச் சத்தம் முழுக்க அவள் முகத்தில்தான் அடிக்கும். பதினெட்டு இடிக்கவும் இல்லை, நுனி ஜன்னலுக்கு வெளியே எட்டியும் பார்த்தது.

"பதினெட்டு" என்றாள்.

"அதுக்குள்ளயா?"

"உள்ள உக்கார்றவ நான்."

லோவெல் மோவாயைச் சொறிந்தான். "சரிதான். எதுக்கும் யோசிப்போம்."

வெர்னா கீழே இறங்கி வந்து, அரைக் கம்புத் துடைப்பத்தால் குனிந்து வீட்டைப் பெருக்கினாள்.

அடக்கம் முடிந்து மாதாகோயில் கூடத்தில் பன்றித்தொடையும் பாலில் வெந்த கிழங்கும் பரிமாறினார்கள். ஆண்கள் காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் பதினாறு என்றார். இன்னொருவர் இருபதுக்குக் குறையக் கூடாது என்றார். செத்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான பிரார்த்தனை இருக்க முடியாது.

மெர்ல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண் வீங்கியிருந்தது. "அத நான் முடிச்சுத் தர்றேன், வெர்னா. பருவம் திறக்க இன்னும் பத்து நாள் இருக்கு."

"பதினெட்டு, மெர்ல்."

"பதினாறரைன்னா இன்னும்... சரி, கொஞ்சம் யோசிச்சு..."

"உங்க வீட்டுல யோசிக்க ஆரம்பிச்சா ஆளே போயிடுறான்" என்றாள்.

காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மெர்ல்தான். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் தன் கைக்குட்டையை அவனிடம் கொடுத்தாள்.

மறுநாள் துப்பாக்கியை மெர்லிடம் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க லோவெலின் பட்டறைக்குள் போனாள். அது மேஜையோரத்து இரும்புப் பிடிகருவியில் இறுகி நின்றது. குழல் குட்டையாக இருந்தது. அறுத்துவிட்டிருக்கிறான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறுத்த பிறகும் ஊரெல்லாம் போய் வாதம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடினாள். குழல் துடைக்கும் கம்பியை அதன் வாய்வழியே அது முட்டும்வரை விட்டு, வாயோரத்தில் நகத்தால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, தையல் டேப்பை வைத்தாள். பதினெட்டேகால்.

அந்தக் கால் அங்குலம் யோசிப்பதற்கு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

மெர்லிடம் கொடுக்கவில்லை; கொடுத்தால் அந்தக் கால் அங்குலத்தை அவன் அறுத்துவிடுவான். சனிக்கிழமை விடியுமுன் மாமனாரின் நீள ரைபிளையே எடுத்துக்கொண்டு, மூட்டைப் பிடித்தபடி பெட்டிக்குள் ஏறினாள்.

குட்டை ரைபிள் இன்னும் பிடிகருவியில்தான் இருக்கிறது. குண்டு நேராகப் போகக் குழல் வாயின் விளிம்பைத் தேய்த்துச் சீராக்க வேண்டும், அதை யாரும் செய்யவில்லை; ரம்பம் விட்ட பிசிறு அப்படியே நிற்கிறது.