ஜனாதிபதியைத் தூக்கி வந்தவள்

ஆரம்பாக்கம் தணிகாசலத்தின் மகள் பூமிகா ஜனாதிபதியைக் காப்பாற்றினாள். சினிமாவில் அவரைக் காப்பாற்றியது வேறு ஆள். இவள் காப்பாற்றியது நிஜத் தீயிலிருந்து. அதற்காக யாரும் தன்னைப் பாராட்டவில்லை என்பது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. அன்றைக்கு வாசல் கேட்டில் நடந்ததும், அதற்கப்புறம் பெரிய மனிதர்கள் பேசிய பொய்யும்தான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்து பூமிகா கபடி ஆடியவள். மாவட்ட டீமில் கார்னரில் நிற்பாள். ரெய்டு வருகிற பெண்ணின் கணுக்கால் இவள் கையில் சிக்கினால், அந்தப் பெண் கோட்டைத் திரும்பித் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கடைசியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஸ்டீல் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தாள். காலையில் சூலூர்பேட்டையிலிருந்து வரும் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போவாள், இருட்டுவதற்குள் திரும்பி வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவும் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். வெள்ளைக்காரன் படங்களைத் தமிழ் பேசவைத்துப் போடுவார்களே, அதில் இருவருக்கும் ஒரே வகைதான் பிடிக்கும். தீவிரவாதிகள் ஜனாதிபதியின் மாளிகையைப் பிடித்துவிடுவார்கள், இல்லையென்றால் அவர் போகிற விமானத்தைப் பிடித்துவிடுவார்கள். ஒற்றை ஆள் உள்ளே புகுந்து அவரை மீட்டு வருவான். அந்த ஒருவனைத் தவிர மற்ற போலீஸ்காரர்கள் எல்லாம் எதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று தணிகாசலம் ஒவ்வொரு படத்துக்கும் தவறாமல் கேட்பார். பூமிகாவுக்கு அந்தக் கேள்வியெல்லாம் கிடையாது. இன்னொருவர் மேல் பாய வேண்டிய குண்டுக்குத் தன் நெஞ்சைக் காட்டி ஒருவன் நிற்கிறானே, அந்த இடம் வந்தால் கையில் எடுத்த சோறு கையிலேயே நிற்கும்.

அதனால்தான், அதே மாதிரி ஒரு படத்தைத் தமிழில் எடுக்கப்போகிறார்கள், அதுவும் சிப்காட்டில் மூடிக்கிடக்கும் உருக்காலை ஷெட்டில் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், லீவு போட்டுவிட்டு ஓடினாள். ஆள் பிடித்துக்கொடுக்கும் ஏஜெண்ட் ரகு உள்ளூர்க்காரன். படத்தில் பெண் கமாண்டோவாக நடிக்கும் கமலினிக்கு டூப் போட, திடமான பெண் ஒருத்தி வேண்டுமென்று அவன்தான் இவளைக் கூப்பிட்டிருந்தான்.

முதல் நாளே அவளுக்கு ஒன்று உறுத்தியது. லேபர் காலனியிலிருந்து வந்த ஆட்களை ரகு வரிசையில் நிற்கவைத்துப் பிரித்தான். கொஞ்சம் சிவந்த தோல் இருந்தால் அதிகாரி. கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தால் தீவிரவாதி. லோடு ஏற்றுகிற ஆசீர்வாதம் இரண்டாவது வரிசைக்குப் போனார். ஊரில் ஒரு சண்டைக்கும் போகாத மனுஷன். தாடி ஒட்டி, கையில் மரத்துப்பாக்கியைக் கொடுத்ததும் கூச்சத்தோடு பூமிகாவைப் பார்த்துச் சிரித்தார். ஜனாதிபதியாக நடிக்க திருவள்ளூரிலிருந்து எம்பார் என்று ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். கோயில் கைங்கரியக் குடும்பம். வெள்ளைத் தலைமுடி, எலுமிச்சை நிறம், கணீரென்ற குரல். கோட்டு மாட்டியதும் உண்மையான ஜனாதிபதியே தோற்றுப்போவார்.

விபத்து நடந்தது ஒரு மதியம். காட்சி இதுதான். ஜனாதிபதியை நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஹீரோ நுழைகிறார். குண்டு வெடிக்கிறது. தீவிரவாதி ஒருவன் பின்னால் தூக்கி எறியப்படுகிறான். கமாண்டோ ஜனாதிபதியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். தூக்கி எறியப்படுகிற ஆள் ஆசீர்வாதம். அதற்காக அவர் இடுப்பில் பெல்ட் மாட்டி, ரோப் கட்டியிருந்தார்கள்.

வெடி தேவைக்கு மேல் வெடித்தது. அந்த ஷெட்டின் தரை வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த தரை. செட்டு முழுக்க பிளைவுட்டும் தெர்மாகோலும். தீ கிடுகிடுவென்று பிடித்தது. அடுத்த நொடி பவுன்சர்கள் ஓடி வந்தார்கள். கறுப்புச் சட்டைக்காரர்கள் அத்தனை பேரும் ஹீரோவைச் சுற்றி வளையம் கட்டி, குனியவைத்து, வெளியே கொண்டுபோய் கேரவனில் ஏற்றினார்கள். அழகாகத்தான் செய்தார்கள். நாற்காலியில் கட்டிப்போட்ட ஜனாதிபதியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரோப்பை இழுத்துப் பிடித்திருந்தவர்கள் அதைத் தூணில் முடிச்சுப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஆசீர்வாதம் அந்தரத்தில் தொங்கினார்.

பூமிகா எம்பாரின் கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். நிஜமான முடிச்சு, இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்து, பாதி கட்டோடு அவரைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்து மண்ணில் உட்காரவைத்தாள். பிறகு மறுபடியும் உள்ளே போனாள். ஆசீர்வாதம் கத்திக்கொண்டிருந்தார். கீழேயிருந்து வந்த தீ அவர் பேண்ட்டில் பிடித்துவிட்டது. தூணிலிருந்த முடிச்சை அவள் அவிழ்த்த வேகத்தில் அவர் தொப்பென்று விழுந்தார். தன் கமாண்டோ கோட்டைக் கழற்றி அவர் கால்களில் சுற்றி அமுக்கி, அப்படியே வாரி எடுத்து வந்தாள். தசை வெந்த வாடையை அவள் அதற்கு முன்னால் முகர்ந்ததில்லை.

முற்றத்தில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே ஸ்ட்ரெச்சர் இல்லை, சீட்டுகூட இல்லை. காட்சிக்காகப் பெயிண்ட் அடித்த வெறும் வண்டி. வெளியே போனால் ஆட்டோ கிடைக்கும். ஆனால் வாசல் கேட் மூடியிருந்தது. ஹீரோவைப் பார்க்க ரசிகர்கள் கூடிவிட்டார்கள், கூட்டம் கலைந்து அவருடைய கார் போன பிறகுதான் திறப்போம் என்று கேட்டில் நின்ற பவுன்சர் சொன்னான். ஹீரோவுக்கு ஒரு கீறலும் இல்லை. கேரவனுக்குள் முகம் கழுவிக்கொண்டு, தான் நலமாக இருப்பதாக ரசிகர்களுக்கு வீடியோ பேசிக்கொண்டிருந்தார். அது முடிய வேண்டும், கார் கிளம்ப வேண்டும், அப்புறம்தான் ஆசீர்வாதம்.

"தொற. ஆளு வெந்துக்கினு கீறாரு, கண்ணு தெரியலயா?"

"சார் வண்டி மொதல்ல போவட்டும்மா. மேனேஜர் ஆர்டர்."

மேனேஜர் பரத் பக்கத்தில்தான் நின்றார். இவளைப் பார்த்தார், ஆசீர்வாதத்தின் காலைப் பார்த்தார், பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

பூமிகா ஆசீர்வாதத்தை மெதுவாகத் தரையில் கிடத்தினாள். குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே பாய்ந்து பவுன்சரின் இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்து வாரினாள். மலை மாதிரி இருந்தவன் மல்லாக்க விழுந்தான். அவன் எழுவதற்குள் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துவிட்டாள். கூட்டத்தில் இருந்தவர்களே ஆசீர்வாதத்தைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். கும்மிடிப்பூண்டியில் முதலுதவி செய்து சென்னைக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் இடது பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் டிவியில் செய்தி வந்தது. படப்பிடிப்பில் தீ, சக நடிகரைத் தோளில் சுமந்து காப்பாற்றினார் கமலினி. யாரோ தூரத்திலிருந்து போனில் எடுத்த படம், அதில் சீருடையும் முதுகும்தான் தெரிந்தன. கமலினி அன்றைக்குக் கும்மிடிப்பூண்டிக்கே வரவில்லை. ஆசீர்வாதத்தைப் பற்றி, "துணை நடிகர் ஒருவருக்கு லேசான காயம்" என்று கடைசியில் ஒரு வரி. மருத்துவமனையில் அதைப் பார்த்த அவர் மனைவி முத்தம்மாள், லேசான காயம் என்றால் என்ன என்று பூமிகாவிடம் கேட்டாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். பூமிகா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

பரத்தும் ரகுவும் ஆரம்பாக்கத்துக்கு வந்தார்கள். அடுத்தடுத்த படங்களுக்கும் டூப் வேலை அவளுக்குத்தான், ஐதராபாத், மும்பை என்று போகலாம், சங்கத்தில் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். போலீஸ் கேட்டால், கேட் திறந்துதான் இருந்தது என்று மட்டும் சொன்னால் போதும். அம்மா கங்கம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. வெயிலில் நின்று சல்யூட் அடிக்கிற பிழைப்புக்கு இது தேவலையே என்று மகள் முகத்தைப் பார்த்தாள். தணிகாசலம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டு தொறந்துதான் இருந்துச்சி. நான் தொறந்தேன். அதச் சொல்லட்டா?" என்றாள் பூமிகா.

அவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். கங்கம்மா ரெண்டு நாள் மகளோடு பேசவில்லை.

போலீஸில் புகார் கொடுக்கப் போனால், பவுன்சரை அடித்ததாக அவள் மேலேயே ஒரு புகார் காத்திருந்தது. கேட் மூடியிருந்தது என்று வேறு யாரும் சொல்லவில்லை என்றார் அதிகாரி. காலனி ஆட்கள் வாய் திறக்கவில்லை. நாளைக்கும் அவர்களுக்கு ரகு வேண்டும். எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எம்பார். அவரோ, புகையில் மயங்கிவிட்டேன், ஒன்றும் நினைவில்லை என்று சொல்லியிருந்தார்.

பூமிகா அன்றே பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் பஸ் ஏறினாள். மணவாள நகரில் அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாயில்லை. எம்பார் அவளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னார், அவர் மனைவி செங்கமலவல்லியைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். உயிரைக் கொடுத்தவள் நீ என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் மோரைத் தொடவில்லை.

"கும்புடு வேணாம் சாமி. நீங்க மயங்கல. நான் கேட்டாண்ட கத்தும்போது நீங்க என்னையே பாத்துக்கினு இருந்தீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த வயதில் கோர்ட்டு வாசல் ஏற முடியாது, படத்தில் தன் குரல் பதிவு இன்னும் பாக்கி இருக்கிறது, பெரிய இடத்துப் பகை என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். பூமிகா பொறுத்துப் பார்த்தாள்.

"படத்துல உங்களக் காப்பாத்த எத்தினி பேரு சாவுறான் சாமி? நெசத்துல உங்கள அம்போன்னு உட்டுட்டு ஓடுனானுங்க. உங்களுக்கே கோவம் வரலன்னா, அந்த மனுசனுக்காக உங்களுக்கு எங்க வரப்போவுது?"

சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் வழி முழுக்க அவளுக்கு, அந்தக் கிழவரை அடிக்காமல் வந்தோமே என்றிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவரே போன் செய்தார். சென்னையில் குரல் பதிவுக்குப் போயிருக்கிறார். படத்தின் கடைசியில் ஜனாதிபதி நாட்டு மக்களிடம் பேசுகிற இடம். இந்த நாட்டில் என் உயிரும் கடைசிக் குடிமகனின் உயிரும் ஒன்றே என்று ஒரு வசனம். அது வாயில் வரவில்லையாம். திரும்பத் திரும்ப முயன்றும் வரவில்லை. வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள் என்று வந்துவிட்டேன் என்றார். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

"வாய மூடினா ஆச்சா சாமி? தொறங்க," என்று சொல்லி போனை வைத்தாள்.

அந்த வாரமே எம்பார் ஸ்டேஷனுக்கு வந்தார், செங்கமலவல்லியோடு. படியேறும்போது அந்த அம்மாள்தான் அவர் கையைப் பிடித்திருந்தாள். நாற்காலியில் கட்டியதிலிருந்து, ரோப்பை முடிந்துவிட்டு ஓடியது, போலி ஆம்புலன்ஸ், மூடிய கேட், முகத்தைத் திருப்பிக்கொண்ட மேனேஜர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அவர் சொன்ன பிறகு காலனியிலிருந்தும் ஒவ்வொருவராக வந்தார்கள். பூமிகா மேலிருந்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பரத்தின் மேல் வழக்கு பதிவானது. கைதாகி, ஜாமீனில் வந்தார். ஹீரோவின் பெயர் எங்கேயும் வரவில்லை. அவர் கேரவனுக்குள் இருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது.

படம் வெளியானது, நன்றாகவும் ஓடியது. ஆசீர்வாதம் பார்த்தே தீருவேன் என்றார். கட்டையை ஊன்றிக்கொண்டு, முத்தம்மாள் ஒரு பக்கம், பூமிகா ஒரு பக்கமாகத் தியேட்டருக்குப் போனார்கள். தீ விபத்துக்கு முன்பு எடுத்ததையெல்லாம் வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். ஒரு காட்சியில் ஹீரோ ஆசீர்வாதத்தை நெற்றியில் சுட்டார். தியேட்டரே விசிலடித்தது.

"நல்லாத்தான் செத்துக்கீறேன், இல்ல?" என்றார் ஆசீர்வாதம், பூமிகாவின் பக்கம் சாய்ந்து. அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. முத்தம்மாள் சிரித்துவிட்டாள். பூமிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விசிலடித்தவன் ஒவ்வொருவனையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பொன்னேரி கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாய்தா மேல் வாய்தா. அவள் ஒன்றையும் தவறவிடுவதில்லை. சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று, எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக ஆரம்பித்தார். படத்தில் உன் முகம் வரவில்லை, பேர் கிடைக்கவில்லை, அந்தக் கோபத்தில் படக் கம்பெனி மேல் பழி போடுகிறாய், அப்படித்தானே என்றார். அரசு வக்கீல் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நிதானமாகப் பேசு என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"பேருக்கு இல்ல சார். ஆனா கோவம் கீது," என்றாள் பூமிகா. "கோவத்துலதான் சொல்றேன். நடந்தத சொல்றேன். எழுதிக்கோங்க."

நீதிபதி பேனாவை எடுத்தார்.