ஹிஸ்டமினோடு நிற்காத ஒவ்வாமை

கால்நடை மருத்துவராகக் கொல்லிமலைக்கு நான் மாற்றலாகி வந்த 1999இல், அந்த மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான அரியூர் நாட்டில் கோமாரித் தடுப்பூசி முகாம் நடந்தது. செல்லம்மாள் என்பவரின் கறவைப் பசுவுக்கு ஊசி போட்டுவிட்டு அடுத்த மாட்டுக்குப் போனேன். சற்று நேரத்தில் பசு நடுங்கியது. கண் இமைகள் வீங்கின. வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, மூச்சுத் திணறி அப்படியே சரிந்தது.

ஒவ்வாமை என்பது தெரிந்தது. ஒவ்வாமையில் உடம்பின் செல்கள் கொட்டும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தால்தான் வீக்கமும் திணறலும் என்று மனதில் பதிந்திருந்தது. அதைத் தடுக்கும் ஊசியைப் போட்டேன். முந்தின மாதம் முகம் வீங்கி வந்த நாய் ஒன்று அதே ஊசியில் தேறியிருந்தது. பசுவிடம் மாற்றமே இல்லை. மூக்கில் நுரை தள்ளியது. ஒன்றும் புரியாமல் அட்ரினலினை எடுத்துத் தசையில் போட்டேன். கொஞ்சங்கொஞ்சமாக மூச்சு சீராகி, பசு எழுந்தது.

"ஏனுங்க டாக்டரு, ஒரே பாட்டில் மருந்துதானுங்க? பக்கத்து மாடு நல்லாத்தான நிக்குது?" என்றார் செல்லம்மாள்.

"எனக்கும் தெரியலீங்கம்மா."

வரிசையில் நின்றவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவரைத் தேடிப்போய்க் கேட்டேன். மாட்டுக்கு ஹிஸ்டமின் ஒரு பங்குதான், செரடோனின், லியூகோட்ரையீன் என்று இன்னும் பல ரசாயனங்கள் சேர்ந்து நுரையீரலைத் தாக்கும் என்றார். நாய்க்குப் பெரும்பாலும் கல்லீரலும் குடலும் அடிவாங்குமாம். ஒன்றை மட்டும் அடைத்தால் மற்றவை நிற்காது. அட்ரினலின்தான் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் மீட்கும். சரி, அந்த ஒரு மாட்டுக்கு மட்டும் ஏன்? எந்த மாட்டுக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை என்றார்.

அடுத்த முகாமுக்கும் செல்லம்மாள் வந்தார். ஊசி போட்டால் பசு சாகலாம், போடாவிட்டால் கோமாரி வரலாம், என்ன செய்வது என்று கேட்டார். எனக்குக் குழப்பம்தான். கடைசியில் அந்தப் பசுவை விட்டுவிட்டு, நோய் அதை நெருங்காதபடி சுற்றியுள்ள மாடுகளுக்கெல்லாம் போடுவது என்று முடிவு செய்தேன். யாரும் முன்வரவில்லை. செல்லம்மாளே என்னோடு ஒவ்வொரு வீடாக வந்தார்.

"எம்மாட்டுக்குப் போட முடியாதுங்க. உங்க மாட்டுக்குப் போட்டாத்தான் எம்மாடு பொழைக்கும்" என்றார். அதன் பிறகுதான் மாடுகளை அவிழ்த்து வந்தார்கள்.

அந்த ஆண்டு பக்கத்து ஊர்வரை கோமாரி வந்தது. அந்தப் பசுவுக்கு வரவில்லை. என் முடிவு சரியா, அதிர்ஷ்டமா என்று இன்றும் சொல்லத் தெரியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஊசி போட்டதும் நகராதீர்கள், மாட்டின் மூச்சைப் பாருங்கள், அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.