கெய்கோ அன்ரியின் குரல்

மகனின் ஜப்பானியக் கார்ட்டூனில் ஒரு சிறுவன் விக்கி விக்கி அழுதான். சின்ன வயதில் நாங்கள் இருந்த டோர்செட் பார்க்கில், பக்கத்து வீட்டுக் கெய்கோ அன்ரி அப்படித்தான் அழுது காட்டுவார். கலியாணம் முடித்துக் கனடா வருமுன், ஜப்பானில் கார்ட்டூன் சிறுவர்களுக்குக் குரல் கொடுத்தவர். மீன் பொரித்த மணத்தோடு வந்து எங்களைச் சிரிக்க வைப்பார்.

பிறகு புற்றுநோய் வந்து அவருடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உடம்பு தேறியதும் அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். மாமா இடியப்பத்தைச் சொதியில் குழைத்தபடி சொன்னார்:

"உவ இனி ஊமைப் பெடியனுக்குத்தான் குரல் குடுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்கூட. தமிழ் தெரியாத அன்ரி, மாமா என்ன சொன்னார் என்று என்னிடம் கையால் கேட்டார்.

"நீங்கள் வந்தது சந்தோஷமாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்ரி எழுந்து நின்று, மாமாவுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்து நன்றி தெரிவித்தார்.