முதுகில் இலக்கம், மைக்கில் பெயர்

எண்பத்து மூன்றில் தமிழருக்கெதிரான கலவரம் நடந்து இரண்டு வருடமிருக்கும். கண்டியில் வேலை பார்த்துக்கொண்டே நானும் மனைவியும் சோடியாக ஆடும் மேல்நாட்டு பால்ரூம் நடனம் பழகினோம். அந்த வருடம் கொழும்பில் ஒரு பெரிய போட்டி, கண்டியில் ஒரு சின்னப் போட்டி.

“கண்டியிலயே ஆடுவம். ஐஞ்சு சோடிதானே, எங்கட ஆட்டத்தை வடிவாப் பார்ப்பினம்,” என்றாள் மனைவி.

“ஆடினால் பெரிய இடத்தில ஆடோணும்,” என்றேன் வீறாப்பாக.

அது பொய். கொழும்பில் முதுகில் குத்திய இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கண்டியில் ஒவ்வொரு சோடியின் பெயரையும் மைக்கில் வாசித்துத் தனியே ஆடவிடுவார்கள். கலவரத்துக்குப் பிறகு பஸ்ஸில்கூடத் தமிழில் வாய் திறக்காதவன் நான்.

கொழும்பில் இருபது சோடிகளுக்குள் இடிபட்டு, முதல் சுற்றிலேயே வெளியேறினோம். உடனே மனைவி என்னைக் கேட்காமலே கண்டிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

அன்று மைக்கில் என் தமிழ்ப் பெயர் தகப்பன் பெயரோடு முழுதாக ஒலித்தது. வால்ட்ஸ் இசை தொடங்கியும் என் கால் எழும்பவில்லை. இசைத்தட்டுப் போட்ட சிங்களவர் என்னைப் பார்த்தார். ஊசியைத் தூக்கினார். “அவசரமில்லை, மாத்தயா,” என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லிச் சிரித்தார். தட்டை முதலிலிருந்து போட்டார். மண்டபமே பொறுமையாகக் காத்திருந்தது.

“இப்ப வாறியளோ?” என்று மனைவி கை நீட்டினாள்.

மூன்றாமிடம் கிடைத்தது. யுத்தம் அதற்குப் பிறகும் வருடக்கணக்காக நீண்டது. என் பயமும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அடுத்த வருடம் கண்டிப் போட்டிக்கு நானே படிவம் வாங்கி, என் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தேன்.