எஞ்சினை நிறுத்தும் மணி

அரியலூரில் என் வீட்டு மேசைமேல் இருக்கும் டீ தம்ளர் நாள் முழுக்க நடுங்கும். சுண்ணாம்புக்கல் லாரி தெருமுனையைக் கடக்கும்போதெல்லாம் டீயில் வட்ட வட்டமாக அலை எழுந்து அடங்கும். லாரிகளை வேறு பாதையில் திருப்பக் கோரி உரிய படிவத்தில், உரிய இணைப்புகளுடன் மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறேன். மனுக்கள் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அந்த நடுக்கத்தைப் பார்த்தால் கோபத்துக்கு முன்னால் சீஃபின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

சீஃப், எங்கள் சரக்குக் கப்பலின் தலைமை எஞ்சினியர், லெப்பைக்குடிக்காட்டுக்காரர். நான் செந்துறைக்காரன், அதே கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. "மழையையே பாக்காத ஊர்க்காரங்க கையில கடலைக் கொடுத்துட்டாங்க" என்பார் சமையல்காரர். அரிசி, உரம், சிமெண்ட், இரும்புக் கம்பி, ஒருமுறை வயிறு நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள் என்று எதை ஏற்றினாலும் அந்தக் கப்பல் முகம் சுளித்ததில்லை. வயதாகிக் குழாய்கள் ஒழுகத் தொடங்கியபோது உதிரிபாகம் கேட்டு நான் எழுதிய கடிதங்கள் அத்தனையும் விதிப்படி இருந்தன. சீஃப் பழைய பாகத்தையே தேய்த்து மாட்டியது எந்த விதியிலும் இல்லை. கப்பல் ஓடியது அவரால்தான்.

கடைசியில் அதை உடைப்பதற்கு விற்றார்கள். அப்படி விற்ற கப்பலை, பௌர்ணமியன்று கடல் ஏறிவரும் ஓதம் உச்சத்தில் இருக்கும்போது முழு வேகத்தில் ஓட்டிக் கரைச் சேற்றில் ஏற்ற வேண்டும். எஞ்சினை நம்ப முடியாது, இழுவைப் படகில் கட்டி இழுத்துவிடலாம் என்றது கம்பெனி. சீஃப் ஒப்பவில்லை. "இத்தனை வருஷம் சொந்தக் கால்ல நின்னது சார் இது. பொணம் மாதிரி இழுத்துட்டுப் போவவா? நான் கொண்டாந்து சேக்குறேன்."

கேப்டன் நிற்கும் மேலறையில் ஒரு கைப்பிடி உண்டு. அதைத் திருப்பினால் கீழே எஞ்சின் அறையில் மணி அடித்து, முள் கட்டளையைக் காட்டும்: முழு வேகம், நிறுத்து, பயண முடிவில் 'எஞ்சின் வேலை முடிந்தது'. அந்தக் கடைசி மணி வராமல் கீழே இருப்பவர் நகரக்கூடாது. கைப்பிடியைத் திருப்புவதும் நேரத்தைப் புத்தகத்தில் எழுதுவதும் என் வேலை. அன்று பரபரப்பில் எழுத்து கோணிவிடக் கூடாதென்று எல்லா வரிகளையும் காலையிலேயே முத்துமுத்தாக எழுதிவைத்தேன், கடைசி வரி உட்பட. நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.

கப்பல் சொந்த வேகத்தில் வந்து சேற்றில் ஏறி நின்றது. கேப்டன் கை கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். புத்தகத்தைப் பார்த்தேன். 'எஞ்சின் வேலை முடிந்தது' என்று என் கையெழுத்தே சொன்னது. எல்லாம் முடிந்தது என்று அதை மூடிவிட்டு இறங்கிப் போய், கயிற்றேணி அருகே ஆட்களை எண்ணினேன். ஒருவர் குறைந்தார். அப்போதுதான் காலடியில் இரும்பு இன்னும் நடுங்குவது உறைத்தது.

மேலறைக்கு ஓடினேன். டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன செந்துறையாரே, எஞ்சின் சேத்துத் தண்ணியக் குடிச்சிட்டுக் கொதிக்குது. மணி எங்க?"

"நீங்களே நிறுத்திட்டு மேல வந்திருக்கலாமே சீஃப்!"

"ஏறுனது போதுமா போதாதான்னு பாக்க இங்க ஜன்னலா வச்சிருக்கு? பசங்கள மேல அனுப்பிட்டேன். நானா நிறுத்தி, பாதியில நின்னுபோச்சுன்னா இழுவைப் படகுக்காரன் வந்துருவான். அடிங்க, முறையா அடிங்க."

கைப்பிடியைத் திருப்பினேன். கீழிருந்து பதில் மணி வந்தது. நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. அதன்பின் என் காலடியில் இருந்தது கப்பல் இல்லை, வெறும் இரும்பு.

வெந்த முகத்தோடு சீஃப் மேலே வந்தார். என்னைத் திட்டவில்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்தார். "கையெழுத்து அழகா இருக்கு. நேரத்தப் போடுங்க" என்றார். நடைமுறைகளைப் பற்றி எனக்கு யாரும் அதைவிடக் கடுமையாகப் பாடம் நடத்தியதில்லை.

சில மாதங்களில் கப்பலைத் தகடு தகடாக வெட்டிவிட்டார்கள். உருக்கிக் கம்பியாக்கியிருப்பார்கள், எந்த வீட்டுக் கூரைக்குள் இருக்கிறதோ.

போன மாதம் சீஃப் என்னைப் பார்க்க வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது லாரி போனது, தம்ளர் நடுங்கியது. இருவரும் அதையே பார்த்தோம். அலை அடங்கியது.

"நேரத்தப் போட்டீங்களா?" என்றார்.