ரவுடித்தனம் என்று எழுதிய காகிதம்

கூட்டேரிப்பட்டில் நான் ஏறும் தனியார் பேருந்து மூன்று நாளாக நிற்காமல் போயிற்று. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை தூக்குபவன் நான். ஆறரைக்குள் போகாவிட்டால் என் இடத்தில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். நாலாம் நாள் பேருந்தின் முன்னால் போய் நின்றுவிட்டேன். நடத்துநர் புகார் கொடுத்தார்.

காவல் நிலையத்தில் நடத்துநரும் இருந்தார். ஏட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புய்யா. இனிமே இப்பிடிப் பண்ண மாட்டேன்னு எழுதியிருக்கு, அவ்ளோதான்."

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகியவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் படித்துப் பார்க்கிறேன் என்றால் சிரிப்பார்களே என்று கூச்சம். அன்று மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஏட்டு பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவது வரியில் 'ரவுடித்தனம் செய்தேன்' என்று இருந்தது.

எங்கள் தெருவில் ஒருவர் இப்படிக் கையெழுத்துப் போட்டவர்தான். தேர்தல் வந்தாலும் திருவிழா வந்தாலும் முதலில் அவரைத்தான் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்.

"ஐயா, இந்த வார்த்தைக்கு இன்னாங்க அர்த்தம்?"

"யோவ், நீ சினிமாவே பாத்ததில்லையா?"

கூட வந்த என் மகள் மயிலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். செல்போனைப் பார்த்துச் சொன்னாள். "ரவுடிங்கறது இங்கிலீஷ் வார்த்தை சார். எரநூறு வருசத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல, காட்டோரமா இருந்த முரட்டு ஆளுங்கள அப்பிடிச் சொல்லியிருக்காங்க. சண்டை, கூச்சல்னு அர்த்தம் வர்ற ஒரு வார்த்தையிலேர்ந்து வந்திருக்கலாமாம். சரியா யாருக்கும் தெரியலையாம்."

ஏட்டு அவளையே பார்த்தார். இவளையும் சேர்த்து மாட்டிவிட்டேனே என்று அவளை என் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"நான் சண்டை போடலைங்க. கூச்சலும் போடலை" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஏட்டு நடத்துநரிடம் திரும்பினார். "கத்துனானா?"

நடத்துநர் தலையைச் சொறிந்தார். "கத்தலைங்க சார். கையெடுத்துக் கும்பிட்டுக்கினு நின்னாரு. அதான் பேஜாராப் போச்சு. வண்டியில இருந்த அத்தினி பேரும் என்னைத் திட்டுனாங்க."

ஏட்டு அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே 'பேருந்தை மறித்தேன்' என்று எழுதினார். அதையும் இரண்டு முறை படித்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை பேருந்து நின்றது. "ஏறுங்க ரவுடி சார், ஜல்தி!" என்றார் நடத்துநர். உள்ளே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு கடைசி இருக்கைக்குப் போனேன். மணி ஆறுதான் ஆகியிருந்தது.